வீட்டுக்குள் நேர்ந்த மரணம்: மேல்முறையீட்டில் தீர்ப்பு ஏன் தலைகீழாகிறது?

மனைவியைக் கொன்றதாகத் தொடரப்பட்ட வழக்கில் கணவருக்கு அமர்வு நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதிக்கிறது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்கிறது. உச்ச நீதிமன்றமோ அவரை விடுதலை செய்துவிடுகிறது. இடையில் புதிய சாட்சி யாரும் வரவில்லை, புதிய ஆவணம் எதுவும் தாக்கலாகவில்லை. மூன்று நீதிமன்றங்களும் படித்தது ஒரே வழக்குக் கட்டைத்தான். இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் வாசகர்களுக்குக் கோபம் வருவது இயல்பு. "அப்படியானால் அந்தப் பெண்ணைக் கொன்றது யார்?" என்று கேட்கிறார்கள்.

பல வழக்குகளில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பதே இல்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் தன்னைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு: "இவர்தான் கொன்றார் என்பதை அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி மெய்ப்பித்திருக்கிறதா?" இரண்டு கேள்விகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி, நான்கு சுவர்களுக்குள் நடந்த மரணங்களில்தான் மிகப் பெரிதாக விழுகிறது. அந்த இடைவெளி பெரும்பாலும் மரணம் நேர்ந்த முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே உண்டாகிவிடுகிறது. பல ஆண்டுகள் கழித்து வரும் மேல்முறையீடு அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவே. இது எப்படி நிகழ்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

"சந்தேக மரணம்" என்றால் என்ன?

நாளிதழ்களில் அடிக்கடி ஒரு வரி வரும்: "திருமணமாகி மூன்று ஆண்டுகளே ஆவதால் கோட்டாட்சியர் விசாரணை நடத்தி வருகிறார்." இந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு முழுச் சட்ட ஏற்பாடு இருக்கிறது.

ஒருவர் இயற்கைக்கு மாறாக இறந்தால் காவல் நிலைய அதிகாரி சம்பவ இடத்துக்குச் சென்று, அப்பகுதியைச் சேர்ந்த இருவரையாவது பஞ்சாயத்தாராக, அதாவது சாட்சிகளாக வைத்துக்கொண்டு உடலைப் பார்வையிட்டு, காயங்களையும் மரணத்துக்கான வெளிப்படையான காரணத்தையும் எழுத வேண்டும். இதுதான் பிரேத விசாரணை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 174-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194-ஆம் பிரிவு. "சந்தேக மரணம் என்று வழக்குப் பதிவு" என்று செய்தி வருவது இந்தக் கட்டத்தில்தான். இப்போது குற்றவாளி என்று யாரும் இல்லை. குற்றம் நடந்ததா என்பதுகூட முடிவாகவில்லை.

இறந்தவர் திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் உள்ள பெண் என்றால், தற்கொலையாக இருந்தாலும், சந்தேகம் எழுந்தாலும், நிர்வாக நடுவர் ஒருவரும் தனியாக விசாரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு வருவாய்க் கோட்டாட்சியருக்கு. காவல் துறை சரிவர விசாரிக்காமல் போனால் இன்னொரு கண் இருக்கட்டும் என்பதே நோக்கம்.

கோட்டாட்சியர் அறிக்கை தீர்ப்பு அல்ல. "வரதட்சணைக் கொடுமை இல்லை" என்று அவர் எழுதினாலும் காவல் துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யலாம். "இருக்கிறது" என்று எழுதினாலும் அது மட்டுமே தண்டனைக்குப் போதாது. ஆனால் அவரிடம் பெற்றோர் தரும் வாக்குமூலம் மட்டும் வழக்கின் கடைசிவரை கூடவே வரும். மகளின் உடல் இன்னும் பிணவறையில் கிடக்கிறது. பேரக்குழந்தை மாப்பிள்ளை வீட்டில் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு தாய், "என் மகளுக்கும் மருமகனுக்கும் பெரிய பிரச்சினை எதுவும் இல்லை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். இரண்டு ஆண்டுகள் கழித்துச் சாட்சிக் கூண்டில் நின்று நகைக்காகத் துன்புறுத்தியதை அவர் விவரிக்கும்போது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தப் பழைய காகிதத்தை எடுத்து நீட்டுகிறார். அமர்வு நீதிபதி தாயின் கண்ணீரை நம்பக்கூடும். மேல்முறையீட்டில் கண்ணீர் பதிவாகியிருக்காது, முரண்பாடு பதிவாகியிருக்கும்.

எந்தப் பிரிவில் வழக்கு?

ஒரே மரணம் நான்கு விதமான குற்றங்களாகப் பார்க்கப்படலாம். புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் எண்ணையும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் எண்ணையும் சேர்த்துத் தருகிறேன். 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்கள் பழைய சட்டப்படியே தண்டிக்கப்படுவதால், இன்னும் பல ஆண்டுகளுக்கு இரண்டு எண்களும் செய்திகளில் வந்துகொண்டிருக்கும்.

1. கொலை: 103 (பழைய 302). யார் கொன்றார் என்பதை அரசுத் தரப்பு முழுமையாக மெய்ப்பிக்க வேண்டும்.

2. வரதட்சணை மரணம்: 80 (பழைய 304பி). 1986-ல் சேர்க்கப்பட்ட பிரிவு. குறைந்தது ஏழு ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

3. தற்கொலைக்குத் தூண்டுதல்: 108 (பழைய 306).

4. கணவரோ அவருடைய உறவினர்களோ செய்யும் கொடுமை: 85 (பழைய 498ஏ). 1983-ல் வந்தது.

இவற்றில் இரண்டாவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் இந்தப் பிரிவில் பதிவான வழக்குகள் 6,450. இதில் அரசுத் தரப்பு காட்ட வேண்டியவை: திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் இயல்புக்கு மாறான மரணம் நேர்ந்தது, வரதட்சணை கேட்டு அந்தப் பெண் துன்புறுத்தப்பட்டார், அந்தத் துன்புறுத்தல் மரணத்துக்குச் "சற்று முன்பு" நடந்தது. இவ்வளவையும் காட்டிவிட்டால் சாட்சியச் சட்டத்தின் 113பி (இப்போது 118) குறுக்கே வந்து, மரணத்துக்குக் காரணம் துன்புறுத்தியவர்தான் என்று நீதிமன்றம் அனுமானித்தே ஆக வேண்டும் என்கிறது. அதை உடைக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. தூக்கா, கொலையா, விபத்தா என்று உறுதியாகப் பிரித்துச் சொல்ல வேண்டிய தேவைகூட இல்லை.

"சற்று முன்பு" என்றால் எத்தனை நாள்? மேல்முறையீடுகளில் அதிகம் அடிபடும் கேள்வி இதுதான். 2021 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி என்.வி.ரமணா அமர்வு, "சற்று முன்பு" என்பதை "உடனடியாக முன்பு" என்று படிக்கக் கூடாது, கொடுமைக்கும் மரணத்துக்கும் இடையே அறுபடாத, உயிருள்ள தொடர்பு இருக்க வேண்டும் என்று விளக்கியது. 2022 ஜனவரியில் அதே தலைமை நீதிபதியின் அமர்வு, வீடு கட்டப் பெண் வீட்டாரிடம் பணம் கேட்டு நெருக்கியதும் வரதட்சணையே என்று தீர்ப்பளித்தது. "அது கடன்தான், சீர் அல்ல" என்று சொல்லித் தப்பிக்கும் வழியை இது பெரிதும் அடைத்தது.

1983-ல் வந்த 113ஏ (இப்போது 117) இதற்குச் சற்றுத் தளர்வானது. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் தற்கொலை, கொடுமையும் மெய்ப்பிக்கப்பட்டது என்றால், தூண்டுதல் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். "அனுமானிக்க வேண்டும்" என்பதற்கும் "அனுமானிக்கலாம்" என்பதற்கும் நடுவே உள்ள தூரத்தில் பல மேல்முறையீடுகள் வென்றிருக்கின்றன, தோற்றிருக்கின்றன.

உடல் சொல்வதும் சொல்லாததும்

தூக்கில் தொங்கினால் கழுத்துத் தடம் பொதுவாகத் தாடையை ஒட்டி மேலே, சாய்வாக ஏறி, முடிச்சு இருந்த இடத்தில் விட்டுப்போயிருக்கும். கயிற்றால் இறுக்கிக் கொன்றிருந்தால் தடம் கீழே, கிடைமட்டமாக, கழுத்தைச் சுற்றி ஓடும். தீக்காயத்தில் மூச்சுக்குழாய்க்குள் புகைக்கரி படிந்திருந்தால் எரியும்போது உயிர் இருந்தது என்று பொருள். கரி இல்லையென்றால், இறந்த பிறகு எரித்தார்களா என்ற கேள்வி எழும்.

இவை எல்லாம் பொது விதிகள். நாவடி எலும்பு முறிந்திருந்தால் கழுத்து நெரிக்கப்பட்டது என்ற சந்தேகம் வலுக்கும். ஆனால் இளம் வயதில் அந்த எலும்பு வளைந்து கொடுக்கும், நெரித்தாலும் முறியாமல் இருக்கலாம். ஆகவே "முறிவு இல்லை" என்ற ஒரு வரியை வைத்துக் கொலை இல்லை என்று சொல்லிவிட முடியாது. நஞ்சு என்றால் வயிறு, குடல், கல்லீரல், சிறுநீரகத் துண்டுகளைப் பெரும்பாலும் உப்புக் கரைசலில் இட்டு, முத்திரை வைத்துத் தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வர மாதங்கள் ஆகும். அதற்குள் வீடு கழுவப்பட்டிருக்கும், டம்ளர் தேய்க்கப்பட்டிருக்கும், படுக்கை விரிப்பு மாற்றப்பட்டிருக்கும்.

மருத்துவ அறிக்கை எதனால் மரணம் என்று சொல்லும். யாருடைய கையால் என்று பெரும்பாலும் சொல்லாது. இந்த இடத்தில்தான் ஒரு பழைய வழக்கை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பூனாவில் 1982, ஜூன் இரவு

பட்டப்படிப்பு முடித்த ஓர் இளம்பெண்ணுக்கு 1982 பிப்ரவரியில் திருமணம். கணவர் வேதியியல் பொறியாளர், பூனாவில் வசிப்பவர். நான்கே மாதம். ஜூன் 11-ஆம் தேதி இரவு படுக்கப் போனவர், மறுநாள் விடிவதற்குள் கட்டிலில் இறந்து கிடந்தார். கணவரின் குடும்பத்தினரே மருத்துவர்களை அழைத்து வந்தார்கள். மருத்துவர்கள் வந்தபோது உயிர் இல்லை. ஆய்வில் தெரிந்த நஞ்சு பொட்டாசியம் சயனைடு.

அரசுத் தரப்பு சொன்னது: கணவருக்கு வேறு தொடர்பு இருந்தது, மனைவி வேண்டாதவராகிவிட்டார், அன்றிரவு அறையில் இருந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே, நஞ்சைப் புகட்டியது அவர்தான். அமர்வு நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் கணவரின் தண்டனையை உறுதி செய்து, உடன் தண்டிக்கப்பட்ட உறவினர்களை மட்டும் விடுவித்தது.

உச்ச நீதிமன்றத்தில் எஸ். முர்தசா ஃபசல் அலி, தமிழ்நாட்டைச் சேர்ந்தவரும் அந்த நீதிமன்றத்தின் முதல் பட்டியலின நீதிபதியுமான ஏ. வரதராஜன், சவ்யசாச்சி முகர்ஜி ஆகிய மூவர் அமர்வு 1984 ஜூலை 17-ல் கணவரை விடுதலை செய்தது. இந்தியாவில் சூழ்நிலைச் சாட்சியத்தை வைத்து நடக்கும் கொலை வழக்கு எதுவும் இந்தத் தீர்ப்பைத் தொடாமல் போவதில்லை.

வழக்கின் நடுவே இருந்தவை அந்தப் பெண் புகுந்த வீட்டிலிருந்து தன் சகோதரிக்கும் தோழிக்கும் எழுதிய கடிதங்கள். தனிமையும் ஏமாற்றமும் நிறைந்த கடிதங்கள். இறந்தவர் தன் மரணத்துக்கு இட்டுச் சென்ற சூழ்நிலை பற்றிச் சொன்னது சாட்சியமாகும் என்று சாட்சியச் சட்டத்தின் 32(1) (இப்போது 26) சொல்கிறது. இதைத்தான் நாம் மரண வாக்குமூலம் என்கிறோம். சாகும் தறுவாயில், மருத்துவமனைக் கட்டிலில் சொன்னது மட்டுமே மரண வாக்குமூலம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய சட்டம் அப்படிச் சுருக்கவில்லை. மரணத்தோடு நெருங்கிய தொடர்புடையதாக இருந்தால், சில வாரங்கள் முன்பு எழுதிய கடிதத்துக்கும் அந்த இடம் உண்டு என்று ஃபசல் அலி விளக்கினார்.

ஆனால் கடிதங்கள் இரண்டு பக்கமும் வெட்டின. "பாருங்கள், எவ்வளவு கொடுமை அனுபவித்திருக்கிறாள்" என்றது அரசுத் தரப்பு. "பாருங்கள், எவ்வளவு மனம் உடைந்திருக்கிறாள், தானே நஞ்சு அருந்தியிருக்கலாம் அல்லவா?" என்றது எதிர்த்தரப்பு. ஒரு பெண்ணின் துயரத்துக்குச் சாட்சியான அதே எழுத்து, தற்கொலைக்கான வாய்ப்பையும் திறந்து வைத்தது. அந்த வாய்ப்பைத் தள்ளிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் கருதியது.

நஞ்சு வைத்துக் கொன்றதாகச் சொல்லும் வழக்கில் காட்ட வேண்டிய நான்கையும் நீதிமன்றம் வரிசைப்படுத்தியது: கொல்வதற்கான நோக்கம், நஞ்சினால்தான் மரணம், குற்றம் சாட்டப்பட்டவரிடம் அந்த நஞ்சு இருந்தது, அதைப் புகட்ட வாய்ப்பு இருந்தது. மூன்றாவது இடத்தில் வழக்கு விழுந்தது. வேதியியல் பொறியாளரிடம் சயனைடு இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஆனால் அவரிடம் இருந்தது என்று யாரும் மெய்ப்பிக்கவில்லை.

சூழ்நிலைச் சாட்சியத்தின் "பஞ்சசீலம்" என்று அந்தத் தீர்ப்பே பெயரிட்ட ஐந்து விதிகள்:

1. முடிவுக்கு அடிப்படையான ஒவ்வொரு சூழ்நிலையும் முழுமையாக நிறுவப்பட வேண்டும். "இருக்கலாம்" போதாது, "இருந்தே ஆக வேண்டும்".

2. அந்தச் சூழ்நிலைகள் குற்றம் செய்தார் என்பதோடு மட்டுமே பொருந்த வேண்டும்.

3. அவை ஐயத்துக்கு இடம் தராத, தீர்மானமான தன்மை உடையவையாக இருக்க வேண்டும்.

4. வேறு எந்த நியாயமான விளக்கத்துக்கும் இடம் இருக்கக் கூடாது.

5. கண்ணிகள் அறுபடாத சங்கிலியாகச் சேர்ந்து, இவர்தான் செய்திருக்க வேண்டும் என்று காட்ட வேண்டும்.

இன்னொன்றையும் அந்தத் தீர்ப்பு அழுத்தமாகச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர் சொன்ன விளக்கம் பொய் என்று தெரிந்தாலும், அந்தப் பொய்யைக் கொண்டு அறுந்த சங்கிலியை ஒட்டவைக்க முடியாது. சங்கிலி ஏற்கெனவே முழுமையாக இருந்தால் மட்டுமே பொய் அதற்கு வலுச் சேர்க்கும்.

அந்தப் பெண் இறந்தது 1982-ல். 498ஏ, 113ஏ பிரிவுகள் வந்தது 1983 டிசம்பரில். 304பி, 113பி வந்தது 1986 நவம்பரில். அன்று அரசுத் தரப்பின் கையில் கொலைப் பிரிவைத் தவிர வலுவான கருவி எதுவும் இல்லை. கொலை என்று மெய்ப்பிக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றுமில்லை. இன்று அதே கடிதங்கள் கொலையை மெய்ப்பிக்காவிட்டாலும் கொடுமைக்கும் தூண்டுதலுக்கும் சாட்சியாக நிற்க வாய்ப்பு உண்டு. அந்த வழக்கின் சாட்சியங்களைப் பார்க்கும்போது விடுதலைத் தீர்ப்பு சட்டப்படி சரியே என்று நான் கருதுகிறேன். அந்தப் பெண்ணுக்கு அன்றைய சட்டத்திடம் பதில் இல்லாமல் போனது என்பதும் உண்மை.

"உள்ளே இருந்தவர்தானே சொல்ல வேண்டும்?"

பூட்டிய வீடு, உள்ளே இருவர், விடிந்தால் ஒருவர் பிணம். என்ன நடந்தது என்று மற்றவர் சொல்லட்டுமே? இந்த நியாயமான கேள்விக்குச் சட்டம் தரும் பதில் சாட்சியச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு (இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 109). ஒருவருக்கு மட்டுமே சிறப்பாகத் தெரிந்த உண்மையை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையது.

இதை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது என்று 1956-லேயே நீதிபதி விவியன் போஸ் எச்சரித்தார். அது ஆஜ்மீரில் தந்தித் துறை எழுத்தர் ஒருவர் பயணப்படி வாங்கியது பற்றிய சிறிய வழக்கு. அதில் அவர் கேட்ட கேள்வி கொலை வழக்குகளில் இன்றும் எதிரொலிக்கிறது: கொலை செய்தாரா இல்லையா என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தானே நன்றாகத் தெரியும், அதற்காக அவரே தான் கொல்லவில்லை என்று மெய்ப்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட முடியுமா?

மறுபக்கம், 2006-ல் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு மனைவி கொலை வழக்கில், வீட்டுக்குள் ரகசியமாக நடக்கும் குற்றத்துக்கு வெளியாள் சாட்சியைக் கொண்டுவா என்று அரசுத் தரப்பை வற்புறுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே அரசுத் தரப்பின் சுமை சற்று இலகுவாகும். கணவர் விளக்கம் தராமல் வாய் மூடியிருந்தாலோ பொய் விளக்கம் தந்தாலோ அது அவருக்கு எதிரான கண்ணியாகும்.

இரண்டும் முரண் அல்ல. வரிசைதான் முக்கியம். முதலில் அரசுத் தரப்பு அடிப்படை உண்மைகளை நிறுத்த வேண்டும்: அது கொலைதான், அந்த நேரத்தில் அவர் வீட்டில்தான் இருந்தார், வெளியார் வர வழியில்லை. அதன் பிறகுதான் 106 வாய் திறக்கும். 2024 மே மாதம் டெல்லி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் விரிவாக எழுதியது. அதில் கண்ணால் கண்ட ஒரே சாட்சி ஐந்து வயது மகள். நீதிமன்றத்தில் அவள் பிறழ்சாட்சியானாள். அப்படியிருந்தும் மற்ற சூழ்நிலைகள் உறுதியாக இருந்ததால் தந்தையின் தண்டனை நிலைத்தது. சிறுமியை அரசு வழக்கறிஞர் முறையாகக் குறுக்கு விசாரணை செய்யாததை நீதிபதிகள் கடுமையாகச் சாடினார்கள்.

பூனா வழக்கில் "அது கொலைதான்" என்ற முதல் படியே உறுதியாகவில்லை. அதனால் இரண்டாம் படிக்குப் போக முடியவில்லை.

மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன செய்கிறது?

1. அமர்வு நீதிமன்றம் தண்டித்தால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வது உரிமை. காலக்கெடு பொதுவாக 60 நாட்கள், தூக்குத் தண்டனை என்றால் 30. உயர் நீதிமன்றம் சாட்சியம் முழுவதையும் புதிதாக எடை போட வேண்டும். இரண்டு முடிவுகளுக்கு இடம் இருந்தால் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமானதை ஏற்க வேண்டும்.

2. தூக்குத் தண்டனை என்றால் யாரும் மேல்முறையீடு செய்யாவிட்டாலும் வழக்கு தானாகவே உயர் நீதிமன்றத்துக்குப் போகும். அது உறுதி செய்யாமல் தண்டனையை நிறைவேற்ற முடியாது.

3. விடுதலையை எதிர்த்த மேல்முறையீடு இன்னும் கடினம். குற்றமற்றவர் என்ற அனுமானம் எல்லோருக்கும் உண்டு. விடுதலைத் தீர்ப்பு அதை இரட்டிப்பாக்குகிறது. விசாரணை நீதிமன்றத்தின் பார்வை நியாயமான ஒன்றாக இருந்தால், தான் வேறு விதமாக நினைத்தாலும் உயர் நீதிமன்றம் தலையிடக் கூடாது.

4. உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் அரசமைப்பின் 136-ஆம் பிரிவின் கீழ் சிறப்பு அனுமதி தந்து கேட்கிறது. கீழே இரண்டு நீதிமன்றங்களும் ஒரே முடிவுக்கு வந்திருந்தால் உண்மைகளுக்குள் இறங்குவது அரிது. பூனா வழக்கு அப்படி இறங்கிய அரிய வழக்கு.

5. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது "தண்டனை நிறுத்திவைப்பு, ஜாமீன்" என்று செய்தி வந்தால் அது விடுதலை அல்ல. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கிறது, சிறைவாசம் மட்டும் தள்ளிப்போகிறது.

நடைமுறைத் தவறுகள் வழக்கைச் சாய்ப்பதும் இங்கேதான். விசாரணை முடிவில் ஒவ்வொரு பாதகமான சூழ்நிலையையும் குற்றம் சாட்டப்பட்டவரிடம் சொல்லி விளக்கம் கேட்க வேண்டும். இது நடைமுறைச் சட்டத்தில் பழைய 313, இப்போது 351. கேட்காமல் விட்டதை அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. பூனா வழக்கில் சில சூழ்நிலைகள் இப்படியே கணக்கிலிருந்து கழிந்தன. அதேபோல், கொலைக் குற்றச்சாட்டு மட்டும் வனைந்துவிட்டு, அதாவது முறைப்படி சுமத்திவிட்டு, கடைசியில் வரதட்சணை மரணத்துக்குத் தண்டிக்க முடியாது என்று 2001-ல் கர்நாடக வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னதில் அனுமானத்தை உடைக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருக்கு இருப்பதால், அதற்கான வாய்ப்பை அவருக்கு முதலில் தந்தாக வேண்டும். சாட்சியம் இடம் தரும் வழக்குகளில் கொலையையும் வரதட்சணை மரணத்தையும் மாற்றுக் குற்றச்சாட்டுகளாகச் சேர்த்தே வனைவதன் காரணம் இதுவே. செய்தியில் இரண்டு பிரிவுகளையும் சேர்த்துப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இறந்தவரின் வீட்டாருக்கு என்ன வழி?

முன்பு விடுதலையை எதிர்க்க அரசையே நம்பியிருக்க வேண்டியிருந்தது. 2009 இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், பாதிக்கப்பட்டவருக்கே மேல்முறையீட்டு உரிமையைத் தந்தது. புதிய நடைமுறைச் சட்டத்தில் இது 413-ஆம் பிரிவு. விடுதலை, சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டனை, போதாத இழப்பீடு ஆகிய மூன்றையும் எதிர்த்து இறந்தவரின் பெற்றோர் போகலாம். நீதிமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தண்டனைக் காலம் குறைவு என்பதற்காக மட்டும் அவர்கள் இந்தப் பிரிவில் போக முடியாது. அந்த உரிமை அரசிடம் இருக்கிறது.

ஆனால் மேல்முறையீட்டில் புதிய சாட்சியம் சேர்க்க நீதிமன்றம் அனுமதிப்பது அரிது. முதல் நாட்களில் சேர்ந்ததை வைத்துத்தான் கடைசிவரை வாதிட வேண்டும். ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு நேரில் வர வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 176(3) சொல்கிறது. மாநிலங்கள் இதை ஏற்பாடு செய்ய ஐந்து ஆண்டுகள் வரை அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அவகாசம் முடியும்வரை காத்திருக்காமல் எல்லா மாவட்டங்களிலும் இதை இப்போதே செய்தாக வேண்டும். கழுவப்பட்ட தரையிலிருந்து எந்த உயர் நீதிமன்றமும் உண்மையை மீட்க முடியாது.

1982-ல் ஓர் இளம்பெண் சகோதரிக்குக் கடிதம் எழுதினாள். இன்று அவள் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறாள். அதுவும் புதிய சாட்சியச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின் கீழ் சாட்சியமாகலாம். ஆனால் அதைப் பென்டிரைவிலோ வட்டிலோ நகலெடுத்துக் கொடுத்தால் அதே சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்று இணைக்க வேண்டும். ஒரு பகுதியில் அதைத் தருபவரும் மற்றொன்றில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். பழைய சட்டத்திலேயே இந்தச் சான்று கட்டாயம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியிருக்கிறது. போனின் உரிமையாளரே சாட்சியாக வந்து அசல் போனை நீதிமன்றத்தில் ஒப்படைத்தால் சான்று தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. மகள் கடைசியாகப் பேசிய குரல் இருக்கும் அந்தப் போனை அம்மா மாற்றிவிடாமல், உள்ளே எதையும் அழிக்காமல், கோட்டாட்சியர் விசாரணைக்குப் போகும் அன்றே விசாரணை அதிகாரியிடம் ஒப்படைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.